சொத்தைக் கடைவாய்ப் பல்: காப்பாற்றுவதா, எடுப்பதா, எடுத்தால் அந்த இடத்தில் என்ன?

பல் எடுக்க எவ்வளவு, பல்லை எடுக்காமல் உள்ளே கெட்டுப்போனதை மட்டும் எடுத்து அடைக்கும் ரூட் கெனால் என்ற வேர் சிகிச்சை செய்ய எவ்வளவு என்று இரண்டு தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுத்தால் அது பாதிக் கணக்குதான். எடுத்த பிறகு அந்தக் குழியை என்ன செய்யப் போகிறோம் என்ற செலவும் பல் எடுக்கும் பக்கத்தில்தான் சேர வேண்டும். அதைச் சேர்க்காமல்தான் நம்மூரில் பெரும்பாலானவர்கள் நாற்காலியில் போய் உட்காருகிறார்கள்.

நான் பல் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பல் மருத்துவமனையில் பல வருஷம் முன்மேசையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், கூட்டம் அதிகமான நாளில் உள்ளே போய் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். "ஒத்தப் பல்லுதான தாயி, புடுங்கிவிடச் சொல்லு, அதுக்குப் போயி இம்புட்டுக் காசா?" என்று உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், அண்ணா நகரிலிருந்து காரில் வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. எடுக்கச் சில நூறு ரூபாய், ரூட் கெனால் செய்து, பல்லின் மேல் கேப் என்ற உறை போடப் பல ஆயிரம் என்றால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும். ஆனால் அதே ஆட்கள் இரண்டு மூன்று வருஷம் கழித்து, எடுத்த இடத்தில் பல் கட்ட என்ன ஆகும் என்று கேட்டு வந்து, தொகையைக் கேட்டதும் முகம் வாடிப் போவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கை முன்கூட்டியே உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது

எல்லாச் சொத்தைக்கும் ரூட் கெனால் தேவையில்லை, இது முதலில் தெரிய வேண்டியது. பல்லின் மேலே எனாமல், அது கடினம், அதில் உணர்வு கிடையாது. அதற்கு உள்ளே ஓர் அடுக்கு, அதில் கூச்சம் தெரியும். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற பல்கூழ். நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள பாக்டீரியா அமிலமாக்கி, அந்த அமிலம் எனாமலைக் கரைத்து, குழி மெல்ல உள்ளே இறங்குகிறது. அது கூழைத் தொட்டுவிட்டதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறீர்கள், ஒரு பக்கம் சுளீர் என்கிறது, முழுங்கிய சில விநாடியில் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் கூழ் இன்னும் பிழைத்திருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும், ஒரே சிட்டிங்கில் முடியும், செலவும் குறைவு. அதே ஜிகர்தண்டா குடித்து முடித்துப் பத்து நிமிஷம் ஆகியும் வலி விண்விண் என்று நிற்கிறது, சூடான காபி பட்டாலும் வலி கிளம்புகிறது, ராத்திரி படுத்ததும் எழுப்பி உட்கார வைக்கிறது என்றால் கூழ் திரும்பி வராத அளவுக்கு வீங்கிவிட்டது என்று அர்த்தம். இனி வெறும் அடைப்பு எடுபடாது. ரூட் கெனால் அல்லது எடுப்பது, இரண்டில் ஒன்றுதான்.

இதற்கு அடுத்த கட்டம்தான் ஏமாற்றுகிற கட்டம். உயிரை எடுத்த வலி ஒரு நாள் தானாகவே நின்றுவிடும். "மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாப் போச்சு" என்பார்கள். உள்ளே கூழ் செத்துப் போயிருக்கிறது, அதனால்தான் வலி இல்லை. கிருமி, வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயான வேர்க்கால் வழியாகக் கீழே இறங்கி, எலும்புக்குள் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும். சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருவார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையால் இது ஏன் தீராது என்றால், மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும், செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. சுற்றியுள்ள வீக்கம் வற்றும், ஊற்று அப்படியே இருக்கும். வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இன்னும் கெடுதல். கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப்போக வைக்கும், அது உண்மைதான், அந்த ஓரிரவைத் தாண்ட உதவும். மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்து புண்ணாகிவிடும்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கி, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் முழுங்க முடியவில்லை, காய்ச்சல், மூச்சு இழுக்கிறது என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம், நாளைக் காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். நேராக ராஜாஜி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்தில் இறங்கி மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறிக்க முடியும்.

ரூட் கெனால்: வாங்குவது என்ன

மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் தலையில் ஓட்டை போட்டு, கெட்டுப்போன கூழை எடுத்து, தலைமயிர் பருமனுள்ள கம்பிகளால் வேர்க்கால்களைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, கடைசியில் கட்டாப்பெர்ச்சா என்ற, மலேசியப் பக்கத்து மரப்பாலிலிருந்து கிடைக்கும் ஒரு ரப்பர் போன்ற பொருளால் நுனி வரை அடைப்பார்கள். முன்பல்லுக்குப் பொதுவாக ஒரு வேர்க்கால். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வேரும் மூன்று வேர்க்காலும் இருப்பது வழக்கம், சிலருக்கு நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர், அதிலும் முதல் பல்லில் நான்காவதாக ஒரு மெல்லிய வேர்க்கால் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம். அது கண்ணில் படாமல் விடுபட்டுப் போனால் சிகிச்சை முடிந்த பிறகும் தொல்லை வரும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் விலை ஏன் வேறு, வேர் சிகிச்சையிலேயே எம்.டி.எஸ். என்ற மேல்படிப்பு படித்தவர் ஏன் கூடக் கேட்கிறார் என்பதற்கு இதுதான் பதில்.

வலிக்குமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. நல்ல வீக்கத்தோடு, சீழ் கட்டிய நிலையில் வந்தால் ஊசி சரியாக வேலை செய்யாது, அந்த இடத்தின் அமிலத்தன்மை மருந்தைத் தடுக்கும். அப்படி ஒருவர் பட்ட வேதனைதான் ஊர் முழுக்கக் கதையாகப் பரவுகிறது. வீக்கத்தை வடிய வைத்துவிட்டுச் செய்தால், அல்லது அந்த நிலைக்குப் போகும் முன்பே வந்தால், பல் எடுக்கும்போது இருப்பதைவிட இதில் வலி அதிகம் இல்லை. உள்ளே நின்று பார்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பதுதான் பலருக்குச் சிரமம்.

இப்போது கேப். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் குடைந்தெடுக்கப்பட்டிருக்கும், சுவர் மட்டும் நிற்கும். கேப் போடாவிட்டால் அது மெல்லும் விசையில் பிளக்கும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 14 லட்சத்துக்கும் அதிகமான ரூட் கெனால் பற்களைத் தொடர்ந்து பார்த்தது. 8 ஆண்டு கழித்தும் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. எடுக்க வேண்டி வந்த பற்களை ஆராய்ந்தபோது அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு கேப் போடப்படவில்லை. நான் கண்ணால் பார்த்ததும் இதேதான். வலி போனதும் "கேப்புக்கு அடுத்த மாசம் வாரேன்" என்று போவார்கள், அடுத்த மாசம் ஒரு கல்யாணம், அதற்கடுத்து ஆடி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். பிறகு ஒரு நாள் முறுக்கோ நல்லி எலும்போ கடிக்கும்போது மடக் என்று சத்தம். பல் வேர் வரை நெடுக்காகப் பிளந்துவிட்டால் ஒட்டவைக்க வழி இல்லை, எடுத்தே ஆக வேண்டும், ரூட் கெனாலுக்குக் கொடுத்த காசும் சேர்ந்து போய்விடும். கேப்புக்கும் சேர்த்துக் காசு திரட்ட முடியும் என்று தெரிந்த பிறகே ரூட் கெனாலைத் தொடங்குங்கள், கேப் இல்லாத ரூட் கெனால் பாதியில் விட்ட வேலை.

கேப்பில் மூன்று வகை பொதுவாகச் சொல்வார்கள். முழு உலோகம், அது விலை குறைவு, உறுதி அதிகம், பல்லை ரொம்பச் சுரண்ட வேண்டியதில்லை, நிறம்தான் வெள்ளி. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுவாந்தரம், வருஷம் போனால் பீங்கான் துண்டாகப் பெயரலாம், ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். பீங்கான் போன்ற கெட்டியான ஜிர்கோனியா விலை கூடுதல், உறுதியும் உண்டு, பல் நிறமும் உண்டு. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு, சிரித்தால் தெரியாத இடத்துக்கு, கை இறுக்கமாக இருக்கிறவர்கள் உலோக கேப்பே போட்டுக்கொள்ளலாம். அதைச் சொன்னால் மதிப்புக் குறைவாக நினைக்கிறார்கள், தேவையே இல்லை. ஜிர்கோனியாவுக்கு 10 வருஷம், 15 வருஷம் என்று கொடுக்கும் கேரண்டி அட்டை அந்த கேப்புக்கு மட்டும்தான், அடியில் இருக்கும் உங்கள் பல்லுக்கு இல்லை.

எல்லா ரூட் கெனாலும் நிலைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மறுபடி திறந்து செய்ய வேண்டி வரும், இன்னும் சிலருக்கு வேர் நுனியை ஈறு வழியாக வெட்டி எடுக்கும் சின்ன அறுவை. அதற்குப் பிறகும் தோற்றால் எடுப்பதுதான். ஆனாலும் சொந்த வேர் எலும்புக்குள் இருக்கிறவரை அந்த எலும்பு வற்றாமல் நிற்கும். எதை மாற்றாக வைத்தாலும் அது சொந்தப் பல்லுக்கு அடுத்ததுதான்.

எடுப்பதே சரி என்கிற இடங்கள்

காப்பாற்று, காப்பாற்று என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது நேர்மை ஆகாது. கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே கொஞ்சமாவது நல்ல சுவர் சுற்றிலும் வேண்டும், சொத்தை ஈறுக்குக் கீழே, எலும்பு வரை போய்விட்டால் என்ன செய்தாலும் கொஞ்ச நாளில் கழன்றுவிடும். வேர் நெடுக்காகப் பிளந்த பல்லும் அப்படித்தான். ஈறு நோயால் எலும்பு கரைந்து, விரலால் தொட்டாலே ஆடுகிற பல்லுக்கு ரூட் கெனால் செய்யச் சொல்பவர்களிடம் தயங்காமல் "ஆட்டம் நிற்குமா?" என்று கேளுங்கள், நிற்காது. வெற்றிலையும் புகையிலையும் சேர்த்துப் போட்டு வந்த வயதானவர்களுக்கு இந்த நிலை மிகச் சகஜம். அவர்கள் வாயில் இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல்லை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள், அது புற்றுநோயாக இருக்கலாம்.

ஞானப்பல் கோணலாகக் கிடந்து, பக்கத்துப் பல்லில் உணவு சிக்கி, அடிக்கடி ஈறு வீங்கினால் அதைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை. எடுத்துவிடலாம், அந்த இடத்தில் எதையும் வைக்கவும் வேண்டாம்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று இன்னும் எத்தனையோ பேர் நம்புகிறார்கள், ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு, இரண்டும் தனித்தனி. பல் எடுத்ததால் கண் மங்காது. வயதில் வரும் கண்புரையும் பல் ஆட்டமும் ஒரே காலத்தில் வருவதால் ஏற்பட்ட பயம் இது. கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பதும் இதே வகைதான், பல்லில் படிந்த காரையை எடுத்த பிறகு அதுவரை மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே.

எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கடித்திருங்கள். அன்று முழுக்கக் காறித் துப்பவோ உறிஞ்சிக் குடிக்கவோ கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே போடப்பட்ட மருந்து. அது பெயர்ந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காது வரை ஏறும் வலி வரும். வந்தால் மாத்திரையோடு நிற்காமல் மறுபடி போய் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்தாயிற்று. குழியை என்ன செய்வது?

சும்மா விடுவது ஒரு வழி. யாருக்குச் சரி என்றால், எடுத்தது கடைசிப் பல்லாக இருந்து, அதற்கு நேரெதிரே பல் இல்லாவிட்டாலோ, முன்னால் இருக்கும் பற்களிலேயே நன்றாக மெல்ல முடிந்தாலோ. நடுவில் இருக்கும் பல்லை, குறிப்பாக முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு அப்படியே விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நடு ஆள் இறங்கினால் மற்ற இருவரும் தானாகவே சாய்ந்து இடத்தை நிரப்புவதுபோல, பின்பல் முன்பக்கம் சாயும், எதிரில் உள்ள பல் தாங்குவதற்கு ஆள் இல்லாமல் குழியை நோக்கி இறங்கும். சந்துகளில் உணவு சிக்கும், புதிதாகச் சொத்தை விழும், ஒரே பக்கமாக மெல்லும் பழக்கம் வரும். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடக்காது, சிலருக்கு அதிகம் நகரவும் நகராது. எலும்பு மட்டும் காத்திருக்காது. எடுத்த முதல் ஒரு வருஷத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி வரை குறையலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். பிற்பாடு இம்பிளான்ட், அதாவது எலும்பில் திருகு பதித்துக் கட்டும் பல், வைக்கலாம் என்று நினைத்து ஐந்து வருஷம் தள்ளிப் போட்டவர்களுக்கு எலும்பு சேர்க்கும் செலவு தனியாக வருவது இதனால்தான்.

கழற்றி மாட்டும் பல் செட்தான் விலையில் குறைவு. பிளாஸ்டிக் தட்டு, பக்கத்துப் பல்லைப் பிடிக்கும் கம்பி. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீரில் போட்டால் கோணிவிடும். மெல்லும் வலு சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில்கூட வராது. சுத்தம் குறைந்தால் பிடித்திருக்கும் பல்லும் சொத்தையாகும். ஒரு பல்லுக்காக இளவயதில் இதைப் போட்டவர்கள் பெரும்பாலும் கொஞ்ச நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நிறையப் பல் போன பெரியவர்களுக்கும், உடம்பு அறுவையைத் தாங்காதவர்களுக்கும் இதுதான் நல்ல வழி. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

உண்மையான போட்டி பிரிட்ஜுக்கும் இம்பிளான்டுக்கும்தான். பிரிட்ஜ் என்றால் குழியின் இரண்டு பக்கப் பல்லையும் சுற்றிச் சுரண்டி, மூன்று கேப்பை ஒன்றாகச் சேர்த்து மாட்டுவது. ஒன்றிரண்டு வாரத்தில் பல் கைக்கு வந்துவிடும், அறுவை இல்லை. ஆனால் இரண்டு நல்ல பல்லின் எனாமலைக் கொடுத்து ஒரு பல்லை வாங்குகிறோம், சுரண்டிய எனாமல் திரும்ப வளராது. சுரண்டிய பல்லுக்குச் சில வருஷத்தில் ரூட் கெனாலே தேவைப்படுவதும் உண்டு. அடியில் சுத்தம் செய்யத் தனி நூலோ சிறு பிரஷ்ஷோ வேண்டும், செய்யாவிட்டால் தாங்குகிற பல் உள்ளேயே சொத்தையாகி மூன்றும் சேர்ந்து போகும்.

இம்பிளான்ட் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், டைட்டானியத்தோடு எலும்பு இறுக ஒட்டி வளர்கிறது என்பதைக் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை. பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம், தனியாக நிற்கும், அந்த எலும்பையும் காக்கும். எலும்பு ஒட்டப் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து அப்புறம்தான் மேலே கேப். செலவு, ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்த தொகையைப் போலப் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகையும் இதற்கு எதிரி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்காமலேயே இம்பிளான்டுக்கு நாள் குறித்தால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மேல் கடைவாயில் சைனஸ் அறை மிக அருகே இருப்பதால் எலும்பு உயரம் போதாமல் போகலாம், அதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாது. வைத்த பிறகு சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டு எலும்பு கரைய முடியும், அதனால் கிளீனிங்கை விட முடியாது.

என் முடிவு இது. பக்கத்துப் பல் இரண்டும் கறை படாத நல்ல பல் என்றால் பணம் சேர்த்தாவது இம்பிளான்ட். அந்த இரண்டும் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ உள்ள பல் என்றால் பிரிட்ஜ், அங்கே இழக்க எனாமலே இல்லை. இரண்டுக்கும் கை எட்டாவிட்டால் பல் செட், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் எதுவுமே முடியாது என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்தால், ரூட் கெனாலும் உலோக கேப்பும் போட்டு அந்தப் பல்லையே காப்பாற்ற முடியுமா என்று அப்போதே பாருங்கள்.

பிள்ளைகளின் பல்

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல், வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய முதல் கடைவாய்ப் பல். "பால் பல்லுதான, விழுந்து முளைக்கும்" என்று நினைத்து விட்டுவிட்டுப் பத்து வயதில் வேரோடு எடுக்கக் கூட்டி வரும் அம்மா அப்பாக்கள் எத்தனையோ பேர். அதன் மெல்லும் பரப்பில் இயற்கையாக உள்ள பள்ளங்கள் ஆழமாக இருந்தால், முளைத்த உடனேயே சீலன்ட் என்ற பூச்சைப் பூசி மூடிவிடலாம், வலி இல்லை, ஊசி இல்லை. பால் கடைவாய்ப் பல்லும் பத்துப் பன்னிரண்டு வயது வரை இடத்தைப் பிடித்து வைக்க வேண்டியது. ஐந்து வயதில் அதை எடுத்துவிட்டால் அடியில் வரும் பல் கோணலாக முளைக்கலாம், அதனால் அதற்கும் கூழ் சிகிச்சை செய்து காப்பாற்றுவது வீண் செலவு இல்லை. எடுத்தே ஆக வேண்டியிருந்தால் இடத்தைப் பிடிக்கும் வளையம் ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே போவது

தனியார் மருத்துவமனைத் தொகை கட்டுப்படியாகாது என்பதற்காகப் பல்லை எடுக்க வேண்டியதில்லை. கோரிப்பாளையத்தை ஒட்டிய ராஜாஜி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, தாலுகா அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் டாக்டர் இருக்கிறார். கிழக்கு வெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்தையும் அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தது. அதனால் நேரம் அதிகம் பிடிக்கும், நாலைந்து முறை வரச் சொல்வார்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு இழப்புதான். ஆனால் தொகை வெளியில் ஆவதைவிட வெகுவாகக் குறையும், அவசரமும் இருக்காது.

ஒரே நாளில், கழற்றவே வேண்டாத பல், சில நூறு ரூபாய்க்கு என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பக்கத்துப் பல்லோடு பிளாஸ்டிக்கையும் கம்பியையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள், அடியில் உணவு அழுகி, நல்ல பல் இரண்டும் ஈறும் சேர்ந்து கெட்டு வருவதைப் பார்த்துக் கண்ணீர் வந்திருக்கிறது. சட்டப்படி பதிவு பெற்ற பல் டாக்டர் மட்டும்தான் வாயில் கை வைக்க முடியும். சுவரில் தொங்கும் சான்றிதழில் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், கேட்கவும் செய்யுங்கள்.

எங்கே போனாலும் சில விஷயங்களை நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை உறுதியாக்கும் ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு, அப்படிப்பட்டவர்களுக்கு ரூட் கெனால்தான் பாதுகாப்பான பக்கம். கர்ப்பம் என்றால் எத்தனையாவது மாதம் என்பதையும், மருந்து ஒவ்வாமை இருந்தால் எந்த மருந்து என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் பல் எடுக்கப் போகக் கூடாது, சாப்பிட்டு மாத்திரையும் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அரசு மருத்துவமனை வெளிநோயாளி சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், அதனால் முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும், தினமும் விழுங்கும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.